மலைக் காற்றும் பிஸ்டனும்

நுவரெலியா நகருக்கு ஏப்ரல் மாதம் விழாக்காலம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் போலவே மோட்டார்ப் போட்டிகளும் அக்காலத்துக்கு உரியவை. தேயிலைத் தோட்டத்தினூடே செல்லும் சாலையில் நடைபெறும் மகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களில் தொடங்கியது. இலங்கையின் மிகப் பழைய மோட்டார்ப் போட்டிகளுள் அதுவும் ஒன்று. ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே புறப்பட்டு, வளைந்து வளைந்து மேலேறும் சாலையை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று கணக்கிடுவதே இத்தகைய போட்டியின் முறை. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே ஒரு விநாடியின் சிறு பகுதியே நிற்பதும் உண்டு.

இத்தகைய போட்டிக்கு வண்டியை ஆயத்தம் செய்வோர், பழைய எஞ்சினை முற்றாகக் கழற்றிப் புதுக்குவது வழக்கம். அப்போது எழும் கேள்விகளுள் முதன்மையானது, எந்தப் பிஸ்டன்களை வாங்குவது என்பதாகும். பள்ளி நூல்களில் ஆடுதண்டு என்றும் முசலம் என்றும் பெயர் பெற்ற இப்பொருளைக் கராஜில் எல்லாரும் பிஸ்டன் என்றே வழங்குவர். உள்ளங்கையில் அடங்கும் இவ்வலுமினியத் துண்டைத் தேர்வதில் நேரும் பிழை, சிலிண்டரையும் கிராங்கையும் சேர்த்து அழித்துவிடக் கூடியது. பல மாதச் சேமிப்பு ஒரே பிற்பகலிற் புகையாய்ப் போய்விடும்.

பிஸ்டன் படும் பாட்டை முதலில் அறிதல் வேண்டும். இலங்கையில் இன்றும் பலர் போற்றிப் பேணும் மினி வண்டியை எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 1275 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 70.61 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 81.28 மில்லிமீற்றர். எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 முறை சுழலும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 233 முறை ஓடி, நின்று, திசை திரும்புகிறது. அவ்வாறு மேல் முனையில் திரும்பும் கணத்தில், பிஸ்டனின் எடையில் உள்ள ஒவ்வொரு கிராமும் இரண்டரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாரம் போல இழுக்கிறது. எரிவாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் அறுபது மடங்கு உயருமாயின், பிஸ்டனின் தலைமீது இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட சுமை வந்து விழுகிறது. இரும்பை விடுத்து அலுமினியத்தைத் தேர்ந்தமைக்கு அதன் எடைக் குறைவும், வெப்பத்தை விரைந்து கடத்தும் இயல்புமே காரணங்கள்.

பிஸ்டன் வாங்கச் செல்வதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அது சிலிண்டரை அளத்தல். நெடுநாள் ஓடிய சிலிண்டர் மேற்பகுதியில் மிகுதியாகவும் கீழே குறைவாகவும் தேய்ந்திருக்கும். வட்டமாயிருந்தது சற்றே நீள்வட்டமாகியும் இருக்கும். அதனைக் கடைந்து மீண்டும் செவ்விய வட்டமாக்கிய பின்னர், அப்புதிய அளவுக்கு ஏற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைப் பொருத்துகின்றனர். அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு கூடிய அளவு, நாற்பது பங்கு கூடிய அளவு எனப் பிஸ்டன்கள் கிடைக்கின்றன.

பெரிதாகக் கடைந்தால் வலிமையும் பெரிதாகும் என்று எண்ணுவோர் பலர். மேற்கூறிய மினி எஞ்சினை ஆயிரத்தில் இருபது பங்கு கடைந்தால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 18 கன சென்ரிமீற்றரே கூடுகிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லாத இவ்வாதாயத்துக்காகச் சிலிண்டர்ச் சுவரை வேண்டாமலே மெலிதாக்குதல் அறிவுடைமை ஆகாது. தேய்மானம் நீங்கும் மட்டும் கடைந்து நிறுத்துவதே முறை. அப்படி நிறுத்தினால் அடுத்த முறை புதுக்குவதற்கும் உலோகம் எஞ்சியிருக்கும்.

அடுத்து உலோகத்தின் வகையை ஆராய்வோம். அச்சில் உருக்கி வார்க்கப்பட்டவை ஒரு வகை. அலுமினியத்தோடு மிகுதியான சிலிக்கனைக் கலந்து வார்த்தவை இரண்டாம் வகை. திண்மையான உலோகத்தைப் பேரழுத்தத்தால் அடித்து உருவாக்கியவை மூன்றாம் வகை. சிலிக்கன் கூடுந்தோறும் பிஸ்டன் வெப்பத்தால் விரிவது குறையும், தேய்மானமும் குறையும். ஆயினும் உலோகம் சற்றே நொறுங்கும் தன்மை பெறும். அடித்து உருவாக்கியதோ அதிர்ச்சியைத் தாங்கும். அடி விழுந்தால் நெளியுமேயன்றி எளிதில் உடைந்து சிதறாது.

அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே, குளிர்ந்த நிலையில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே மெல்லிய இடைவெளி விடப்படுகிறது. சிலிக்கன் குறைந்த அடிப்பு வகைக்கு இவ்விடைவெளி கூடுதலாக வேண்டும். நுவரெலியாவின் குளிர்ந்த விடியற்காலையில் அத்தகைய எஞ்சினை இயக்கினால், அது சூடேறும் வரையில் பிஸ்டன் பக்கச் சுவரில் மோதி ஓசை எழுப்பும். நாள்தோறும் குளிரிற் புறப்பட்டுச் சிறு தூரம் ஓடும் வண்டிக்கு அது தேய்மானத்தையே தரும். போட்டிக்கெனவே வைத்திருக்கும் வண்டிக்கு அடிப்பு வகையும், அன்றாடம் ஓடும் வண்டிக்கு வார்ப்பு வகையும் பொருந்துவது இதனாலேயாகும். விலை உயர்ந்தது எதுவோ அதுவே சிறந்தது என்னும் விதி இங்கே செல்லாது.

மலைநாட்டில் வாழ்வோர் சிறப்பாகக் கருதவேண்டியது அழுத்த விகிதம். சிலிண்டரினுள் புகுந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதே அதன் பொருள். விகிதம் உயர்ந்தால், அதே பெற்றோலிலிருந்து கூடிய வலிமை கிடைக்கும். ஆனால் அளவு மிஞ்சினால், தீப்பொறியிலிருந்து சுடர் வந்து சேர்வதற்கு முன்னரே மூலையிலுள்ள கலவை தானாக வெடித்துவிடும். அப்போது எழும் உலோகத் தட்டல் ஓசையை ஓட்டுநர்கள் நன்கறிவர். ஹரி ரிக்கார்டோ என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், அழுத்த விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய சோதனை எஞ்சின் ஒன்றை 1919ஆம் ஆண்டில் அமைத்து, ஒவ்வோர் எரிபொருளும் எவ்வளவு அழுத்தம் வரையில் தட்டாமல் எரியும் என்று ஆராய்ந்தார். பெற்றோல் நிலையங்களில் இன்று காணும் 92, 95 என்னும் ஆக்டேன் எண்கள், தட்டலைத் தாங்கும் அத்திறனையே குறிக்கின்றன.

இனி, மலையின் காற்றைக் கணக்கிற் சேர்த்துக்கொள்வோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கே. எஞ்சின் ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்கும் காற்று அதற்கேற்பக் குறைகிறது. வலிமையும் ஏறத்தாழ அதே அளவில் வீழ்கிறது. கொழும்பில் நூறு குதிரைத்திறன் தந்த எஞ்சின், அங்கே எண்பதை ஒட்டியே தரும். இழந்ததை மீட்கும் வழியாகப் பலர் நாடுவது, தலை உயர்ந்த பிஸ்டன்களைப் பூட்டி அழுத்த விகிதத்தை ஏற்றுவதாகும். அந்த வழி பலனும் தருகிறது. உள்ளே புகும் காற்று மெலிந்திருப்பதாலும், குளிர்ந்திருப்பதாலும், சமவெளியில் தட்டக்கூடிய விகிதம் அங்கே தட்டாமல் ஓடும்.

ஆயினும் மலையில் உள்ள வண்டி மலையிலேயே தங்கிவிடுவதில்லை. தோட்டத்தில் விளைந்த தேயிலை கொழும்பு ஏலத்துக்கு இறங்குவது போல, வண்டியும் ஒருநாள் இறங்கும். நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை எனச் சாலை தாழத் தாழக் காற்று அடர்த்தி பெறுகிறது, வெம்மையும் கூடுகிறது. அவிசாவளையை அடைந்ததும், நுவரெலியாவில் அமைதியாக ஓடிய அதே எஞ்சின் முழுக் காற்றையும் இழுத்துச் சுருக்குகிறது. மெலிந்த காற்றுக்கெனக் காபுரேட்டரின் ஜெற்றைச் சிறிதாக்கியிருந்தாலோ, இங்கே கலவையிற் பெற்றோல் போதாமற் போய் வெப்பம் மேலும் ஏறும். தட்டல் தொடங்கும், சாலை இரைச்சலில் அது செவியிற் படாமலும் போகலாம். முதலில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு உடையும். பின்னர்ப் பிஸ்டனின் தலையிலேயே துளை விழும். பிழை நுவரெலியாவில் நிகழ்ந்தது. தண்டனை கொழும்புச் சாலையில் கிடைக்கிறது.

ஆதலின் விதி ஒன்றை மனத்திற் கொள்ளலாம். எஞ்சின் ஓடப்போகும் இடங்களுள் மிகத் தாழ்ந்ததும் மிக வெம்மையானதும் எதுவோ, அங்கே கிடைக்கும் பெற்றோலுக்கு ஏற்றபடியே அழுத்த விகிதத்தை வரையறுத்தல் வேண்டும். போட்டிக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போய், லொறியிலேயே இறக்கிவரும் வண்டிக்கு மட்டும் இவ்விதி தளரலாம். கணினியால் நெறிப்படுத்தப்படும் இக்காலத்து எஞ்சின்களிற் பல, தட்டலை உணர்ந்து தீப்பொறியைத் தாமே பிந்தச் செய்கின்றன. ஆயினும் அது காவலேயன்றி, அளவு மிஞ்சிய பிஸ்டனுக்கு மருந்தாகாது.

விகிதத்தை வரையறுத்தல் கண்மதிப்பால் ஆகாது. மேற்கண்ட 1275 எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 318 கன சென்ரிமீற்றர். விகிதம் ஒன்பதாக வேண்டுமானால் பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் இடம் 39.8 கன சென்ரிமீற்றர். பத்தாக வேண்டுமானால் 35.4. இரண்டிற்கும் வேறுபாடு ஒரு தேக்கரண்டி நீரினும் குறைவு. சிலிண்டர்த் தலையைச் சமன் செய்யச் சற்றே இழைத்தாலும், மெல்லிய கெஸ்கற்றைப் போட்டாலும் இவ்வளவு மாறிவிடும். எனவே தேர்ந்த வினைஞர்கள் அளவுக் குழாயால் எண்ணெய் வார்த்து இவ்விடத்தை அளந்து பார்த்த பின்னரே பிஸ்டனின் தலை குழிந்திருக்க வேண்டுமா, தட்டையாயிருக்க வேண்டுமா என முடிவு செய்கின்றனர். வால்வுகள் திறக்கும்போது பிஸ்டனைத் தொடாதிருக்கின்றனவா என்பதையும், தலையில் மெழுகுக் களிமண் ஒட்டிக் கையாற் சுழற்றிப் பார்த்து அறிகின்றனர்.

எடையும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு பிஸ்டன் பழுதுற்றதெனில் அதனை மட்டும் மாற்றி, வேறு வகையினதைப் பூட்டுவது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் நான்கில் ஒன்று கனத்திருந்தால் எஞ்சின் நடுங்கும். பெயரிங்குகள் முன்னதாகவே தேயும். நான்கையும் ஒரே தொகுதியாக வாங்கித் தராசில் நிறுத்து, வேறுபாட்டைக் களைந்து பூட்டுவதே முறை.

ரிங்குகளைப் பற்றியும் மலைச் சாலைக்கு உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. இறக்கத்தில் கியரைக் குறைத்து, அக்சலரேற்றரிலிருந்து காலை எடுத்து, எஞ்சினாலேயே வண்டியைத் தடுத்து இறங்குவது மலையோட்டுநர் வழக்கம். பிறேக்கைக் காக்கும் நல்ல வழக்கம் அது. அவ்வேளையில் சிலிண்டரினுள் வெற்றிடம் போன்ற நிலை தோன்றி, எண்ணெயை மேலே உறிஞ்சும். எண்ணெய் ரிங் தளர்ந்திருந்தால், இறக்கம் முடிந்து மீண்டும் மிதிக்கும்போது பின்னாலே நீலப் புகை எழும். எரியும் எண்ணெய், பெற்றோலின் தட்டல் தாங்கும் திறனையும் குறைத்துவிடுகிறது. ஆகவே ரிங்குகளின் முனை இடைவெளியைச் சிலிண்டரினுள் வைத்து ஒவ்வொன்றாக அளத்தல் வேண்டும். பொதுவாக விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது வழக்கு. செய்தவர் தரும் அளவு வேறாயின் அதுவே கொள்ளத்தக்கது. இடைவெளி போதாவிடில், சூட்டில் விரிந்து முனைகள் முட்டி ரிங் உடையும்; மிகுந்தாலோ வாயு கசியும்.

தேயிலைத் தோட்டத்து லொறியாயினும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டியாயினும், சாலை, காற்று, எரிபொருள், வேலை ஆகியவற்றை முதலில் எண்ணி, சிலிண்டரை அளந்து, அதன் பின்னரே பிஸ்டனை வாங்கவேண்டும் என்பது மாறாது. பழுது பார்ப்பவரிடம் எஞ்சினை ஒப்படைப்போர், வண்டி எங்கெங்கே ஓடும் என்பதையும், என்ன பெற்றோல் ஊற்றப்படும் என்பதையும் மறவாமற் சொல்லுதல் நன்று. புதுக்கிய எஞ்சினை முதல் சில நூறு கிலோமீற்றர் வரை மிகையாக வருத்தாது, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, ரிங்குகள் சுவரோடு பொருந்த இடம் கொடுத்தலும் வேண்டும். இத்தனையும் செய்த எஞ்சின், உச்சியை விரைந்து எட்டுவதோடு, ஏறிய மலையிலிருந்து கடற்கரை வரை பழுதின்றி இறங்கியும் வரும்.