சிம் கார்டு போட்ட கார்: வசதியா, வேவா?

செல்போனில் சிம் கார்டு இருப்பது தெரியும். காரில்? 2019 மே மாதம் ஹூண்டாய் நிறுவனம் வென்யூ காரை 'ப்ளூலிங்க்' வசதியுடன் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதற்கென காருக்குள்ளேயே ஒரு இ-சிம் பொருத்தப்பட்டிருந்தது. அடுத்த மாதமே எம்.ஜி. ஹெக்டர் வந்தது. இன்று பல நிறுவனங்களின் கார்களில் இந்த வசதி உண்டு.

இதனால் என்ன பயன்? வீட்டிலிருந்தபடியே போன் மூலம் ஏ.சி.யை இயக்கலாம். கதவைப் பூட்டினோமா என்று பார்க்கலாம். கார் திருடு போனால் எங்கே நிற்கிறது என்று தேடலாம். விபத்தில் ஏர்பேக் விரிந்தால் காரே உதவி மையத்திற்குத் தகவல் அனுப்பும். நல்ல விஷயங்கள்தான்.

கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் மாமா இப்படி ஒரு கார் வாங்கியிருக்கிறார். அதில் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலை போகும் பாதையில் பல வளைவுகளில் டவர் கிடைக்காது. அங்கே அவசர பட்டனை அழுத்தினாலும் அழைப்பு எங்கும் போகாது. ஆனால் கீழே இறங்கி வந்ததும், எந்த நேரத்தில் எங்கே இருந்தோம், எத்தனை முறை சடாரென்று பிரேக் போட்டோம் என்பதெல்லாம் மாமாவின் போனில் வந்து விட்டது. "மாப்ள, மேல டவரே இல்லையே, இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

ஜி.பி.எஸ். கருவிக்கு செல்போன் டவர் தேவையில்லை. அது செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கித் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடும். அதை மெமரியில் சேமித்து வைத்து, டவர் கிடைத்ததும் சர்வருக்கு மொத்தமாக அனுப்பி விடும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 140 தரத்தில் இடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம். அந்தக் கருவி குறைந்தது 40,000 இடப்பதிவுகளைச் சேமிக்க வேண்டும் என்பது விதி. ஆக, மலைப்பாதையில் உதவிதான் வராது. வேவு பார்ப்பது நிற்காது!

சேர்ந்த தகவல் எங்கே போகிறது என்பதுதான் கவலை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வாடிக்கையாளர்கள் ஓட்டும் விதம் பற்றிய தகவல்களைத் தரகு நிறுவனங்களுக்கு விற்றது 2024-ல் அம்பலமானது. அவை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போய், சிலருக்குப் பிரீமியம் ஏறியது. ஜப்பானில் சர்வரைச் சரியாகப் பூட்டாததால், டொயோட்டா வாடிக்கையாளர்கள் சுமார் 21.5 லட்சம் பேரின் வாகனத் தகவல்கள் பத்து ஆண்டுகளாகத் திறந்து கிடந்தது 2023-ல் தெரிந்தது. சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 'பின்னால் உதவும்' என்று எதையும் பதிவு செய்து வைப்பது எங்கள் தொழிலின் பழக்கம். அழிக்கத்தான் யாருக்கும் நினைவு வருவதில்லை.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

அதற்காக அவசர உதவி வசதியை நிறுத்தி விடாதீர்கள். காரின் செட்டிங்ஸ் பகுதியையும் போனில் உள்ள ஆப்பையும் திறந்து, விளம்பரத்திற்கோ பிற நிறுவனங்களுக்கோ தகவல் தரும் அனுமதி இருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். காரை விற்கும்போது ஆப்பிலிருந்து காரை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ப்ளூடூத் வழியே ஏறிய போன் நம்பர்கள் அதில் அப்படியே இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? ஆர்.சி. புத்தகத்தோடு ஆப் கணக்கும் உங்கள் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். மாறாவிட்டால் நீங்கள் மலையேறுவதைப் பழைய ஓனர் தன் வீட்டில் இருந்தபடியே பார்க்க முடியும். பல மாடல்களில் கதவையும் திறக்கலாம்.