மூன்றாம் நாள் சுண்டெலி

பிறந்து மூன்று நாளான சுண்டெலிக் குஞ்சின் எடை 2 கிராம் சொச்சம்தான். ரோமம் முளைத்திருக்காது, கண் திறந்திருக்காது. அதன் நெஞ்செலும்புக்கு அடியில், இதயத்துக்குச் சற்று மேலே, வெளிறிய இரு துணுக்குகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது தைமஸ் சுரப்பி. மெல்லிய கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். ஜப்பானின் நகோயா நகரில், ஐச்சி புற்றுநோய் மையத்தில் யசுவாகி நிஷிசூகாவும் தெருயோ சகாகுராவும் இதைத்தான் செய்தார்கள். வளர்ந்த பெண் எலிகளின் சினைப்பைகள் சுருங்கிக் கிடந்தன. அதே அறுவையை ஏழாம் நாள் செய்தால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. 1969-ல் இதைப் பதிப்பித்தபோது, தைமஸுக்கும் இனப்பெருக்க உறுப்புக்கும் இடையே ஏதோ ஹார்மோன் தொடர்பு இருக்கும் என்றே இருவரும் எண்ணினார்கள். பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. எலியின் சொந்த நோயெதிர்ப்புப் படையே சினைப்பையைத் தின்றிருந்தது. சில எலிகளில் இரைப்பையும் தைராய்டும்கூடத் தப்பவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை.

நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஜாக் மில்லரின் 1961-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்போடு இது நேராக மோதுகிறது. பிறந்த உடனே தைமஸை எடுத்தால் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிப்போகும் என்று அவர் காட்டியிருந்தார். மூன்று நாள் கழித்து எடுத்தாலோ அந்த ஆற்றல் கட்டவிழ்ந்து வீட்டுக்காரனையே அடிக்கிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருந்த ஷிமோன் சகாகுச்சியை இந்த முரண் பிடித்துக்கொண்டது. படிப்பைப் பாதியில் விட்டு நகோயா போனார். 2025 அக்டோபரில் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு அவருக்கும் மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்டபோது வயது 74. உலகம் கைவிட்ட கருத்தை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு வென்றவர் என்றே செய்திகள் அவரை எழுதின. பிடிவாதம் இருந்தது உண்மைதான். ஆனால் தவறான கருத்தைச் சாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தவர்களும் அறிவியலில் ஏராளம். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சகாகுச்சியைக் காப்பாற்றியது அவருடைய சோதனையின் அமைப்பு என்பதே என் வாதம்.

அதற்கு முதலில் அந்தக் கைவிடப்பட்ட கருத்தைப் பார்த்துவிட வேண்டும். 1970-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கெர்ஷன், தைமஸில் உருவாகும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களில் சில மற்ற செல்களைத் தூண்டாமல் அடக்குகின்றன என்றார். 'அடக்கும் டி செல்' என்ற பெயர் நிலைத்தது. அடுத்த பத்தாண்டு நோயெதிர்ப்பியலில் அதுதான் கொடிகட்டிப் பறந்தது. அடக்கும் செல்லை உண்டாக்க ஒரு செல், அதைத் தூண்ட இன்னொரு செல், அதையும் அடக்க மூன்றாவது ஒரு செல் என்று வரைபடங்கள் கிளைவிட்டுக்கொண்டே போயின. இந்தச் செல்களின் அடையாளமாக 'ஐ-ஜே' என்றொரு மூலக்கூறையும் சொன்னார்கள். அதற்கான மரபணு குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வரை குறித்துவைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் மரபணுவை நேரடியாகப் படிக்கும் நுட்பம் அந்த இடத்தை எட்டியது. குறித்துவைத்த இடத்தில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு மரபணுவே இல்லை. துறை மொத்தமும் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. சூடுபட்ட பூனைபோல, 'அடக்கும்' என்ற சொல் தலைப்பில் இருந்தாலே ஆய்வாளர்கள் விலகி நடந்தார்கள்.

சகாகுச்சி தொடங்கிய இடம் வேறு. கெர்ஷன் வழிவந்தவர்கள், வெளியிலிருந்து ஒரு பொருளைச் செலுத்தி, அதற்கான எதிர்வினை குறைகிறதா என்று பார்த்தார்கள். எதிர்வினை குறைய நூறு காரணம் இருக்கலாம். செல் செத்திருக்கலாம், உணவுக் கரைசல் தீர்ந்திருக்கலாம், கணக்கே பிசகியிருக்கலாம். சகாகுச்சியின் கையில் இருந்ததோ கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நோய். எலிக்கு மூன்றாம் நாள் தைமஸை எடுத்தால் அந்த நோய் வருகிறது. மரபில் அச்சு அசலாக ஒத்த, நலமான வளர்ந்த எலியின் டி செல்களை அதற்கு ஏற்றினால் வருவதில்லை. 1982-ல் அவர் காட்டியது இவ்வளவுதான். நலமான எலியின் உடலுக்குள்ளேயே, எந்தத் தூண்டலும் இல்லாமல், நோயைத் தடுக்கும் ஏதோ ஒரு டி செல் இருக்கிறது. இனி அதைச் சலித்தெடுக்க வேண்டும்.

சலித்தெடுக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, அந்தப் புரதம் கொண்ட செல்களை மட்டும் நீக்கி, மிச்சத்தைத் தைமஸ் இல்லாமலே பிறக்கும் ரோமமற்ற எலிகளுக்கு ஏற்றிப் பார்ப்பதுதான் வழி. 1985-ல் ஒரு புரதம் பாதி விடை தந்தது. 1995-ல் சிடி25 என்ற புரதத்தில் சல்லடை சரியாக விழுந்தது. அந்தக் கட்டுரையின் முதல் இரு பெயர்கள் அவருடையதும் அவர் மனைவி நோரிகோ சகாகுச்சியுடையதும். சிடி4 வகை டி செல்களில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் சிடி25-ஐச் சுமந்திருந்தது. அந்தப் பங்கை நீக்கிவிட்டு மற்றவற்றை ஏற்றினால் தைராய்டு, இரைப்பை, சினைப்பை, மூட்டு என்று எலி பல இடங்களில் நோயுற்றது. நீக்கியதைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்தால் நோய் வரவில்லை. மறு ஆண்டு வந்த முடிவு எனக்கு இதைவிடப் பிடித்தமானது. இந்தச் செல்கள் தைமஸிலிருந்து வெளியேறி உடலில் தென்படத் தொடங்குவதே பிறந்த மூன்றாம் நாள் வாக்கில்தான். தாக்கும் செல்கள் அதற்கு முன்பே வெளியே வந்திருக்கும். மூன்றாம் நாள் கதவை அடைத்தால் தாக்குபவன் வெளியே, தடுப்பவன் உள்ளே. ஏழாம் நாள் அடைத்தால் இருவரும் வெளியே. நிஷிசூகாவின் எலி கால் நூற்றாண்டாகச் சுமந்துவந்த புதிருக்கு விடை இவ்வளவு எளிமையானது.

பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றியதுதானே இது, 'அடக்கும்' என்பதை 'ஒழுங்குபடுத்தும்' என்று மாற்றிவிட்டால் ஆயிற்றா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இன்னும் கூர்மையான ஆட்சேபமும் இருந்தது: சிடி25 என்பது இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் ஒரு பகுதி; சண்டைக்குக் கிளம்பும் எந்த டி செல்லும் அதை அணிந்துகொள்ளும். காக்கிச் சட்டையை வைத்துக் காவலரை அடையாளம் காட்டுகிறீர்கள், திருடனும் அதே சட்டையைப் போட்டுக்கொள்கிறானே என்பது அதன் சாரம். ஆகவே சந்தேகப்பட்டவர்களை மூடர்கள் என்று எழுதுவது அநியாயம். ஐ-ஜே விவகாரத்துக்குப் பிறகு சந்தேகப்படாதவர்கள்தான் பொறுப்பற்றவர்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு வசதி இருந்தது. சிடி25-க்கான எதிர்ப்பொருளைக் கடையில் வாங்கலாம், எலியை வாங்கலாம், தாங்களே செய்து பார்த்துவிடலாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஈத்தன் ஷெவாக், அடக்கும் செல்களை நம்பாதவராக அறியப்பட்டவர். 1998-ல் அவருடைய ஆய்வகமே, இந்தச் செல்கள் கண்ணாடித் தட்டில் மற்ற டி செல்களின் பெருக்கத்தை நிறுத்துவதைக் காட்டியது. பழைய கோட்பாட்டுக்கு இந்தச் சோதனையே கிடையாது. ஐ-ஜேயை யாராலும் கையில் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

காக்கிச் சட்டைப் பிரச்சினையைத் தீர்த்தது சகாகுச்சி அல்ல, வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்த பிரன்கோவும் ராம்ஸ்டெலும். 1940-களில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களில் செத்துப்போகும் ஆண் எலிகள் பிறந்தன. பழுது எக்ஸ் குரோமோசோமில். அங்கே சந்தேகத்துக்குரியவையாக எஞ்சிய 20 மரபணுக்களை வரிசையாகச் சோதித்த பிரன்கோவுக்கும் ராம்ஸ்டெலுக்கும் இருபதாவதில் பழுது அகப்பட்டது. ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். அதே மரபணு கெட்டால் மனிதரில் ஆண் குழந்தைகளுக்கு உயிர்கொல்லியான ஒரு தன்தாக்கு நோய் வருகிறது என்பதும் 2001-ல் உறுதியானது. 2003-ல் சகாகுச்சியின் குழு இந்த மரபணுவைச் சாதாரண டி செல்லுக்குள் செலுத்தியது. அது தடுக்கும் செல்லாக மாறியது. வேறு இரு ஆய்வகங்களும் அதே ஆண்டு அதே முடிவுக்கு வந்தன. அப்படியானால் அவர் வெற்றிக்கு மற்றவர்கள்தானே காரணம் என்பார்கள். இருக்கட்டும். தனித்தனியாகத் தோண்டிய இரண்டு சுரங்கங்கள் பூமிக்கடியில் சந்தித்துக்கொண்டால், இரண்டின் திசையும் சரி என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

நோயாளிக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு அவ்வளவு தெம்பாகப் பதில் சொல்ல முடியாது. 2006 மார்ச்சில் லண்டனில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 என்ற மருந்து ஏற்றப்பட்டது. எலிகளில் தடுக்கும் செல்களைப் பெருக்கிய வகை மருந்து அது. மனித உடலிலோ தாக்கும் செல்களையே கிளப்பிவிட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள். நோயாளியின் சொந்தத் தடுக்கும் செல்களை வெளியே எடுத்துப் பெருக்கித் திருப்பி ஏற்றும் முயற்சிகள் பல நாடுகளில் சோதனைக் கட்டத்தில் இருக்கின்றன.

நிஷிசூகாவும் சகாகுராவும் வேலை பார்த்தது புற்றுநோய் மையத்தில் என்பதைச் சொல்லியிருந்தேன். 1999-ல் சகாகுச்சியின் ஆய்வும் புற்றுநோயின் வாசலுக்கே திரும்பி வந்தது. சிடி25 செல்களை நீக்கிய எலிகள், தமக்குள் வைக்கப்பட்ட புற்றுக்கட்டிகளை எதிர்த்து அழித்தன. கட்டியும் உடலின் சொந்தச் செல்தான் என்பதால், சினைப்பையைக் காக்கும் அதே செல்கள் அதையும் காத்து நின்றிருக்கின்றன. கட்டிக்கான காவலை மட்டும் விலக்கி, தைராய்டுக்கும் இரைப்பைக்கும் உள்ள காவலைத் தொடாமல் விடுவது எப்படி என்பதில்தான் இன்றைய ஆய்வகங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

(தொடரும்)