மருந்துக்கு முன்னால் எண்ணிக்கை

ஈசூனில் எங்கள் வீவக வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை. காரணம், குதிரை லத்தி.

அப்பா புக்கிட் தீமாவிலும், 1999ல் பந்தயத் திடல் இடம் மாறிய பிறகு கிராஞ்சியிலும் குதிரைகளைப் பராமரித்தவர். 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் ஓடியது. நான் வார இறுதிகளில் ஒரு குதிரையேற்ற லாயத்தில் உதவி செய்கிறேன்.

“ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் எல்லாக் குதிரைக்கும் பூச்சி மருந்து. இதில எண்ண என்னம்மா இருக்கு?” என்பார்.

1960களில் கால்நடை மருத்துவர்கள் வகுத்த முறை அது. அன்று குதிரைகளைக் கொன்றது, குடலுக்குப் போகும் ரத்தக் குழாயைத் தாக்கும் பெரிய புழு. அது மருந்துக்கு அடங்கிவிட்டது. இன்றைய தொல்லை, குடல் சுவரில் பதுங்கும் சிறிய வகை. மருந்துக்குத் தப்பியவை மட்டும் பெருகிப் பெருகி, ஃபென்பெண்டசோல் பல நாடுகளில் இவற்றிடம் தோற்றுவிட்டது.

எங்கள் லாயத்தில் ஒரு பெண் குதிரை மெலிந்துகொண்டே போனது. 4 கிராம் லத்தியை 56 மில்லிலிட்டர் அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் விட்டோம். சமையல் உப்பே போதும். முட்டைகள் மேலே மிதக்கும். எண்ணியதில் 13. அதை 50ஆல் பெருக்கினால் கிராமுக்கு 650. வழக்கமான மருந்து கொடுத்து 14 நாள் கழித்துப் பார்த்தால், 600!

மருத்துவர் ஐவர்மெக்டினுக்கு மாற்றினார். (கொவிட் காலத்தில் சிலர் வாங்கி விழுங்கினார்களே, அதேதான். குதிரைக்கான பசையை மனிதர் தொடவே கூடாது.) இரண்டு வாரத்தில் ஒரு முட்டைகூட இல்லை.

மற்ற குதிரைகள் பெரும்பாலும் 200க்குக் கீழே. வளர்ந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் முட்டைகளில் பெரும்பகுதியை வெளியேற்றுகிறது. குறைவாக உள்ளவற்றுக்கு மருத்துவர் சொல்லும் ஆண்டுக்கு ஓரிரு வேளை மருந்தே போதும். குட்டிகளின் கணக்கு வேறு. நம் வெயிலிலும் மழையிலும் முட்டை பொரித்து, சுமார் ஒரு வாரத்தில் புழு புல்லேறத் தயாராகிவிடும். அதனால் வாரம் இருமுறை லத்தி அள்ளுகிறோம். முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் அப்பாவை லாயத்துக்கு அழைத்துப் போனேன். நுண்ணோக்கியில் கண் வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

“ஏழு,” என்றார்.

நான் எண்ணியது ஆறு.