நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு நீலத் திமிங்கிலம்

காலை ஆறு மணிக்கு முன்பே உப்புவெளிக் கரையில் இருந்து புறப்பட்டுவிட்டோம். சிறிய கண்ணாடியிழைப் படகு, பின்னால் ஒற்றை எஞ்சின், படகோட்டும் அண்ணாவோடு சேர்த்து ஐந்து பேர். அவர் இருபது வருடங்களுக்கு மேல் மீன்பிடித் தொழில் செய்தவர். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இப்போது சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிச் செல்கிறார். கோணேசர் மலை பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணிக்குள்ள என்ன தேடுறீங்கள் தங்கச்சி? முதல்ல குருவியைப் பாருங்கோ” என்றார்.

குருவி என்று அவர் சொன்னது ஆலாக்களை. சூரை போன்ற பெரிய மீன்கள் வேட்டையாடும்போது சிறு மீன் கூட்டத்தைக் கீழிருந்து மேலே விரட்டும். தப்பி மேலே வரும் மீன்களை ஆலாக்கள் பாய்ந்து கொத்தும். அதனால் பறவைகள் ஓரிடத்தில் கூடிச் சுற்றினால், கீழே மீன் இருக்கிறது என்று பொருள். அந்த மீனைத் தேடி ஓங்கில்களும் வரும். மீனவர்கள் தலைமுறைகளாகத் தொழிலுக்குப் பயன்படுத்திய அந்தக் கணக்கைத்தான் அண்ணா இப்போது எங்களுக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்.

வழியில் மிதந்த மரக்கட்டை ஒன்றில், முதுகு கறுத்து நெற்றி வெளுத்த ஆலா ஒன்று நின்றது. கரையில் இருந்து இவ்வளவு தூரத்தில் வாழ்ந்தாலும் இந்த ஆலாக்கள் தண்ணீரில் அமர்வது குறைவு. மிதக்கும் பொருட்களில்தான் இளைப்பாறும். அதைக் கலைக்காமல் படகைச் சுற்றிக் கொண்டுபோனார் அண்ணா. கொஞ்ச நேரத்தில் பறவைக் கூட்டம் ஒன்றின் கீழே ஓங்கில்கள் தெரிந்தன. உடலைச் சுழற்றிக்கொண்டு தண்ணீருக்கு மேலே எழும்பி விழும் இனம். எஞ்சினை நிறுத்தினார். அவை தாமாகவே படகுப் பக்கம் வந்துபோயின.

நீலத் திமிங்கிலத்தைப் பறவைகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உலகின் மிகப் பெரிய விலங்கான அது, ஆழத்தில் இருக்கும் மிகச் சிறிய இறால் வகைகளை உண்கிறது. மூச்சுவிட மேலே வரும்போது எழும் நீராவித் தூண்தான் அடையாளம். கரைக்கு இவ்வளவு கிட்ட அது வருவதற்குக் காரணம் கடலின் அடியில் இருக்கிறது. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடாவில் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடல் வரை போகிறது. மற்ற இடங்களில் நீண்ட தூரம் போனால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே வாசலிலேயே இருக்கிறது.

இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலங்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களைத் தேடி ‘டியூலிப்’ என்ற பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள், திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களையும் கண்டார்கள். பிறகு யுத்தம். கடலுக்குப் போக மீனவர்களுக்கே தடைகள் இருந்த காலம் அது. 2009க்குப் பிறகுதான் இங்கே திமிங்கிலம் பார்க்கும் படகுகள் பெருகின.

அன்று எட்டு மணியளவில் தூரத்தில் ஒரு வெள்ளைத் தூண் எழுந்தது. “கிட்டப் போவோமா அண்ணா?” என்று கேட்டது நான்தான். கையில் கமரா இருந்தது. அவர் வேகத்தைக் குறைத்தாரே தவிரக் கூட்டவில்லை. அதற்குள் மூன்று படகுகள் வெவ்வேறு திசைகளில் இருந்து அந்த முதுகை நோக்கிப் பாய்ந்தன. ஒன்றில் இருந்தவர்கள் குதிப்பதற்குத் தயாராக நின்றார்கள். இரண்டாவது தடவை மூச்சுவிட்டதும் வாலை உயர்த்திக் கீழே போனது திமிங்கிலம். அரை மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு அது எங்கள் கண்ணில் படவேயில்லை.

“நான் கிட்டப் போகேல்ல எண்டா, அடுத்த நாள் சனம் மற்றப் படகில ஏறும். எல்லாரும் கிட்டப் போனா, கொஞ்ச வருசத்தில பார்க்க ஒண்டும் இராது. எனக்கு ரெண்டும் தெரியும்” என்றார் அண்ணா.

திமிங்கிலம் மேலே வருவது மூச்சை நிரப்பிக்கொள்வதற்கு. அதை அவசரமாகக் கீழே விரட்டினால் அடுத்த முறை ஆழத்தில் இரை தேடும் நேரம் குறைகிறது. பல கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் கோடையில் குளிர்ந்த துருவப் பக்கக் கடல்களுக்குப் போய் வயிறு நிரப்பும். இலங்கையைச் சுற்றி வாழ்பவை அப்படிப் போவதில்லை. வருடம் முழுவதும் இந்த வெப்பக் கடலிலேயே உண்டு, இங்கேயே குட்டி வளர்க்கின்றன. இங்கே தொந்தரவு செய்தால், அதை ஈடுசெய்ய அவற்றுக்கு வேறு கடல் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த ஒழுங்குவிதிகள், திமிங்கிலத்தில் இருந்து படகுகள் 100 மீற்றர் விலகி நிற்க வேண்டும் என்கின்றன. ஆனால் நடுக்கடலில் அந்த 100 மீற்றரை அளப்பது படகோட்டியின் மனச்சாட்சியும், ஏறியிருப்பவர்களின் பொறுமையும்தான். தெற்கே தெவுந்தர முனைக்கு அப்பால் பெருங்கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் இறப்பதைக் குறைக்க, எம்.எஸ்.சி. என்ற பெரும் கப்பல் நிறுவனம் 2022இல் தன் பாதையை ஏறக்குறைய 15 கடல்மைல் தெற்கே நகர்த்தியது. ஒரு படகில் ஐந்து பேர் 100 மீற்றர் தள்ளி நிற்பது அதைவிடச் சிறிய காரியம்.

நீங்கள் அடுத்த பருவத்தில் போனால், பணம் கொடுப்பதற்கு முன் படகோட்டியிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “கிட்டப் போகத் தேவையில்லை அண்ணா, தள்ளி நிண்டு பார்ப்பம்.” கிட்டப் போகாவிட்டால் தொழில் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அதை நீக்கக்கூடியவர் அவரிடம் பணம் கொடுக்கும் நீங்கள்தான். என் கமராவில் அன்று பதிந்தது தூரத்தில் ஒரு வால் மட்டுமே. அடுத்த தடவை போகும்போது அந்த வசனத்தை நானே முதலில் சொல்வேன்.