கணக்கிற் பிறந்த யாழ்

கல்முனையிலிருந்து தெற்கே செல்வோர் சாய்ந்தமருதைக் கடந்ததும் காரைதீவை அடைவர். 1892இல் அவ்வூரிற் பிறந்த மயில்வாகனனாரே பின்னாளில் விபுலாநந்த அடிகளார் ஆனார். விழா மேடைகளில் அவரைத் துறவி என்றும் புலவர் என்றும் போற்றுகிறோம். எனக்கோ அவர் முதலில் ஒரு விஞ்ஞான ஆசிரியர்.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர் அவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியிராவிடின் ‘யாழ் நூல்’ தோன்றியிராது.

யாழோ பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்த கருவி. அதன் இசையைக் கேட்டார் எவருமிலர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் துணைக்கொண்டு, அதன் நரம்புகளின் அளவைக் கணக்கிட்டார் அடிகளார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். பலகையொன்றிற் கம்பி கட்டி இதனை என் வகுப்பில் மீட்டிக் காட்டினேன். செய்யுட் பாடமென்றால் உறங்கிவிடும் மாணவனும் அன்று நிமிர்ந்து உட்கார்ந்தான்!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவர் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். 1947 ஜூன் மாதத் தொடக்கத்தில், தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நூல் அரங்கேறியது. அவர் கணக்கின்படி செய்த யாழ்களும் அங்கே ஒலித்தன.

அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார். அந்த ஒலியைக் கேட்டபின் அவர் வாழ்ந்தது ஆறு வாரங்களே.