வட்டின் வேகமும் கையின் வலிமையும்

பணி ஓய்வுக்குப் பின் கலிஃபோர்னியாவில் வசிக்கும் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் பதினொரு வயதுப் பேத்தி, பாசடீனா நகருக்கு அருகிலுள்ள பூங்கா ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றாள். முன்பு ஓக் குரோவ் என்று அழைக்கப்பட்ட அந்தப் பூங்காவில்தான், 1975-ஆம் ஆண்டு எட் ஹெட்ரிக் என்பவர் டிஸ்க் கோல்ஃப் விளையாட்டின் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார்.

மட்டையும் பந்தும் இல்லாத கோல்ஃப் இது. பிளாஸ்டிக் வட்டை வீசி, தொலைவில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடிப்பவரே வெற்றி பெறுகிறார். பொதுப் பூங்காக்களில் உள்ள பல களங்களுக்குக் கட்டணம் கிடையாது. எனவே, ஆட வருவோரின் முதன்மையான செலவு வட்டுக்குத்தான்.

அந்தச் செலவில்தான் நான் தவறினேன். வட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் வேகம் என்று பேத்தி கூறினாள். 12 என்று குறிக்கப்பட்ட வட்டை ஏறத்தாழ 20 டாலர் கொடுத்து வாங்கினேன். நான் வீசிய ஒவ்வொரு முறையும் அது 40 மீட்டரைக்கூடத் தாண்டாமல் இடப்புறம் சாய்ந்து புதருக்குள் விழுந்தது. பேத்தியின் வட்டோ, 2 என்ற எண்ணுடன் நேராகச் சென்றது.

பிறகுதான் உண்மை விளங்கியது. அந்த எண், வட்டு நமக்குத் தரும் வேகம் அன்று. வட்டு சரியாகப் பறக்க நம் கை அதற்குத் தர வேண்டிய வேகம். பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த நான், தேவையை அளிப்பு என்று பிழையாகப் படித்திருக்கிறேன்!

மற்ற மூன்று எண்களையும் அறிவது நல்லது. இரண்டாவது, காற்றில் மிதக்கும் திறன். மூன்றாவது, வேகமாகச் செல்லும்போது வட்டு திரும்பும் அளவு; வலக்கைக்காரர் உடலுக்குக் குறுக்கே கையைக் கொண்டுவந்து வீசினால், எதிர்மறை எண் கொண்ட வட்டு வலப்புறம் திரும்பும். நான்காவது, வேகம் தணிந்ததும் இடப்புறம் சரியும் அளவு. கை வேகம் போதாதவரின் வீச்சில் மூன்றாவது எண்ணுக்கு வேலையே இல்லை, தொடக்கத்திலேயே சரிவுதான்.

ஆகவே, புதிதாகத் தொடங்குவோருக்கு இரண்டு வட்டுகள் போதும். ஒன்று, கூடைக்கு அருகிலிருந்து வீசும் 'பட்டர்' வகை. வேக எண் 2 அல்லது 3. மற்றொன்று, 4 அல்லது 5 என்ற வேக எண் கொண்ட 'மிட்ரேஞ்ச்' வகை. இவை நேராகச் செல்லத் தொடங்கிய பின், 6 அல்லது 7 வேகமும், மூன்றாவது எண் -2 அளவிலும், நான்காவது எண் 1 அளவிலும் உள்ள 'டிரைவர்' ஒன்றைச் சேர்க்கலாம்.

எடையையும் பார்க்க வேண்டும். போட்டி விதிகளின்படி, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரையே அனுமதி, 21 செ.மீ. வட்டு ஏறத்தாழ 174 கிராம் வரை இருக்கலாம். வலிமை குறைந்த கைக்கு 150 முதல் 165 கிராம் வரையிலான வட்டு எளிதாக இருக்கும். பலத்த காற்றில் மட்டும் அது சற்று அலைக்கழியும். பச்சை நிறத்தைத் தவிர்ப்பது நல்லது. புல்லில் தொலைந்த வட்டைத் தேடுவதும் ஒரு செலவுதான்.

வாகையர் கையில் இருப்பதையே நாமும் வாங்க விரும்புவது இயல்பு. ஆனால், அவர்கள் பல்லாண்டுப் பயிற்சியால் ஈட்டிய கை வேகம் கடையில் விற்கப்படுவதில்லை. பெயருக்காகக் கடினமான பாடப்பிரிவில் சேர்ந்து முதலாண்டிலேயே துவண்ட மாணவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன்.

வலியறிதலுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். செயலின் வலிமையையும் தன் வலிமையையும் சீர்தூக்கிப் பார்த்தவரே தொடங்க வேண்டும் என்பது அரசர்க்கு மட்டுமன்று, வட்டு வாங்குவோர்க்கும் பொருந்தும். 12-ஆம் எண் வட்டு என் அலமாரியில் உறங்குகிறது. பேத்தி தந்த 2-ஆம் எண் வட்டுதான் இப்போது என்னுடன் பூங்காவுக்கு வருகிறது.