கிழங்குச் சாராயத்தில் ரோஜா மணம்

ஜப்பானின் தெற்கே, கியூஷு தீவின் முனையில் இருக்கிறது காகோஷிமா. எரிமலைச் சாம்பல் மேடுமேடாகப் படிந்த நிலம் அது. 'ஷிராசு' என்று அழைக்கப்படும் அந்த மண்ணில் பெய்கிற மழை தங்காது, நெல்லும் சரியாக வராது. ஆனால் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு அந்த மண் அப்படிப் பொருந்திப்போயிற்று. மயேதா ரியெமோன் என்ற கடலோடி 1705இல் ரியூக்யூ தீவுகளிலிருந்து அதைக் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். உழவர்கள் கிழங்கைத் தின்றார்கள், அதிலேயே சாராயமும் காய்ச்சினார்கள். 1899இல் அரசு தடை போடும்வரை அது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. அந்தச் சாராயத்தின் பெயர் இமோ ஷோச்சு.

கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. ஈஸ்டுக்கு அது ஆகாது, சர்க்கரைதான் வேண்டும். மாவைச் சர்க்கரையாக உடைத்துத் தருவது கோஜி என்ற பூஞ்சை. வேகவைத்த அரிசியில் அதை வளர்த்து, தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்துச் சில நாள் ஊறவிடுவார்கள். பிறகு அரிசியைப் போல ஐந்து மடங்கு வெந்த கிழங்கு அதில் சேரும்.

தெற்கே வெப்பம் அதிகம். அரிசி மதுவுக்குப் பயன்படும் மஞ்சள் கோஜியை வைத்து ஊறல் போட்டால் பாக்டீரியா புகுந்து எளிதில் கெட்டுவிடும். ஒகினாவாவின் கறுப்புக் கோஜி வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இந்தப் பூஞ்சை வளரும்போதே சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கிறது. எலுமிச்சையின் புளிப்பும் அதே அமிலம்தான். அந்தப் புளிப்பில் கெடுக்கும் பாக்டீரியா தலையெடுக்காது, ஈஸ்டோ தாக்குப்பிடித்துத் தன் வேலையைப் பார்க்கும்.

எனக்குப் பெரிய வியப்பு இதன் மணம். கிழங்கின் தோலை ஒட்டிய பகுதியில், ரோஜாவிலும் இருக்கும் ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கின்றன. பிணைந்திருக்கும்வரை மூக்குக்கு எதுவும் தெரியாது. கோஜியின் நொதி அந்தப் பிணைப்பை வெட்டியதும் மணம் வெளிப்படுகிறது. சொத்தை விழுந்த கிழங்கு அதைக் கெடுத்துவிடும். அதனால்தான் ஆலைகளில் கத்தியோடு உட்கார்ந்து, இரு முனைகளையும் அடிபட்ட இடங்களையும் கையாலேயே செதுக்கி எறிகிறார்கள்.

ஊறலை ஒரே ஒரு தடவைதான் வடிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வடித்தால் மணம் போய்விடும். சூடேறியதும் சாராயமும் மணப்பொருள்களும் ஆவியாகி மேலே போகின்றன. சிட்ரிக் அமிலம் ஆவியாவதில்லை. அத்தனை நாள் ஊறலைக் காத்த புளிப்பு ஷோச்சுவுக்குள் வராமல், அடியில் மிஞ்சும் கசண்டோடு மாட்டுத் தீவனமாகவும் வயலுக்கு உரமாகவும் போய்ச் சேர்கிறது.